ஒரே இணைப்பில் பலர்: போக்குவரத்துச் சீராக்கத்தின் அளவுருக்களைப் புரிந்து அமைக்கும் முறை

இலங்கையின் திருகோணமலையில், உப்புவெளிக் கடற்கரையோரத்தில் உள்ள சிறிய விருந்தினர் விடுதி ஒன்றின் வலையமைப்பைச் சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருக்கும் ஏப்ரல் தொடக்கம் செப்டெம்பர் வரையான மாதங்களில் அங்கே அறை கிடைப்பது அரிது. அத்தகைய ஒரு மாலையில், வரவேற்பு மேசையில் இருந்த கடனட்டை இயந்திரம் இணைப்புக்காகக் காத்திருப்பதாகக் காட்டியபடியே நின்றுவிட்டது. அட்டையை மூன்றாம் முறையும் செருகிய விருந்தினர், பயணப் பையைத் தோளில் மாட்டியபடி பேசாமல் நின்றுகொண்டிருந்தார். அதே நேரத்தில் மேல்மாடியில், அன்று பகல் புறாத்தீவில் சுழியோடிவிட்டு வந்த ஒருவர், நீருக்கடியில் எடுத்த காணொளிகளை இணையச் சேமிப்பகத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரு சிறு பொதி, அதாவது தரவுத் துணுக்கு, போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் பிங் கட்டளையை மடிக்கணினியில் ஓடவிட்டுப் பார்த்தேன். வழமையாக 30 மில்லிசெக்கனில் திரும்பிவரும் பொதி அப்போது 800 மில்லிசெக்கனைத் தாண்டித்தான் திரும்பியது. அன்று காலையில் செய்த வேகப் பரிசோதனையிலோ தரவிறக்கம் 20 மெகாபிட், தரவேற்றம் 5 மெகாபிட் என, விடுதி எதற்குப் பணம் செலுத்துகிறதோ அதே எண்கள் வந்திருந்தன.

இணைப்பில் எந்தப் பிழையும் இருக்கவில்லை. கடனட்டை இயந்திரம் ஒரு கொடுப்பனவுக்கு அனுப்பும் தரவு மிகச் சிறிது. அதற்கு 5 மெகாபிட் தேவையே இல்லை. ஆனால் அதன் பொதிகள், மோடத்துக்குள் ஏற்கெனவே குவிந்துகிடந்த காணொளிப் பொதிகளுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டியிருந்தது. மோடத்தின் தாங்ககத்தில், அதாவது பொதிகள் காத்துநிற்கும் நினைவிடத்தில், 500 கிலோபைட் தரவு காத்திருப்பதாகக் கொண்டால், அது 40 இலட்சம் பிட். செக்கனுக்கு 50 இலட்சம் பிட் செல்லும் வழியில் அது வடிந்து முடிய 0.8 செக்கன் பிடிக்கும். பாதுகாப்பான இணைப்பு ஒன்றை ஏற்படுத்த இரு முனைகளும் பல முறை பேசிக்கொள்ள வேண்டும் என்பதால், அந்த 0.8 செக்கனை ஒவ்வொரு முறையும் செலுத்தி, ஈற்றில் இயந்திரம் நேரம் கடந்துவிட்டதாக முடிவு செய்துகொள்கிறது. ஜிம் கெட்டிஸ் என்னும் பொறியியலாளர் 2010ஆம் ஆண்டளவில் இந்தக் கோளாறுக்குப் பஃபர்புளோட் என்று பெயரிட்டார்: தாங்ககம் அளவுக்கு மீறி வீங்கிக்கிடக்கும் நிலை.

இதற்கான மருந்துதான் போக்குவரத்துச் சீராக்கம், அதாவது டிராஃபிக் ஷேப்பிங். அமைக்க முனையும் பலர் வழிகாட்டிகளில் கண்ட எண்களை அப்படியே பிரதி செய்துவிட்டு, பயன் தெரியவில்லை என்று கைவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வோர் அளவுருவும் ஒரு கேள்விக்கு விடை. எவ்வளவு வேகம், ஒரே மூச்சில் எவ்வளவு, அடுத்தது யாருடைய முறை, வரிசையில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்ற கேள்விகளைப் பிரித்தறிந்துகொண்டால் எண்களை நாமே கணக்கிட்டுவிடலாம். கீழே சொல்வது லினக்ஸ் கருவிகளையும் மைக்ரோடிக் ரவுட்டரையும் மனதில் வைத்து எழுதியது. வேறு கருவிகளில் பெயர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை.

வரிசை எங்கே நிற்கிறது என்பதை முதலில் தீர்மானித்தல்

வழியில் எந்த இடம் மிகக் குறுகலாக இருக்கிறதோ அந்த இடத்துக்கு முன்னால்தான் வரிசை உருவாகும். நமது ரவுட்டர் மோடத்துக்கு 100 மெகாபிட் வேகத்தில் தரவைக் கொடுக்க, மோடம் அதை 5 மெகாபிட் வேகத்தில் வெளியே விடுமானால், வரிசை மோடத்துக்குள் நிற்கும். அந்த வரிசையில் யாரை முன்னே விடுவது என்பதில் நமக்கு எந்த அதிகாரமும் இல்லை. ஆகவே, நமது ரவுட்டரையே வழியின் மிகக் குறுகலான இடமாக ஆக்குவதுதான் முதல் வேலை. இணைப்பின் உண்மையான வேகத்திலும் சற்றுக் குறைந்த வேகத்தை ரவுட்டரில் வரையறுத்துவிட்டால், மோடத்தின் தாங்ககம் வெறுமையாகி, வரிசை நமது கைக்கு வந்துவிடும். இதைச் செய்யாமல் முன்னுரிமை, வகுப்பு என்று எவ்வளவு நுட்பமாக அமைத்தாலும் பயனில்லை. வரிசையே இல்லாத இடத்தில் முன்னுரிமைக்குப் பொருள் கிடையாது.

அந்த வேகத்தை ஒப்பந்தத் தாளில் உள்ள எண்ணைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு அதிகாலை, நண்பகல், இரவு எட்டு மணியளவில் என வேறு எதுவும் ஓடாத நிலையில், கம்பி வழியாக இணைத்த கணினியிலிருந்து அளந்து, வழமையாகக் காணப்படும் மிகக் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். விடுதியில் அது தரவேற்றத்தில் 4.8 மெகாபிட்டாகவும் தரவிறக்கத்தில் 19 மெகாபிட்டாகவும் இருந்தது. தரவேற்றத்தை 4.5 ஆகவும் தரவிறக்கத்தை 17 ஆகவும் வரையறுத்தேன். பணம் கொடுத்து வாங்கிய வேகத்தில் ஒரு பகுதியை நாமே விட்டுக்கொடுப்பது பலருக்கு மனம் ஒப்பாத காரியம். விடுதி உரிமையாளரும் முதலில் தயங்கினார். ஆயினும் பெரிய கோப்பு ஒன்று ஏறிக்கொண்டிருக்கும்போது இந்தச் சிறு இழப்பின் முன்னும் பின்னும் பிங் நேரத்தை அவரே பார்த்த பிறகு, மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை.

தரவிறக்கத்தில் கூடுதலாக விட்டுக்கொடுப்பதற்குக் காரணம் உண்டு. வெளியே செல்லும் பொதியை நாம் நிறுத்தி வைக்க முடியும்; உள்ளே வரும் பொதியோ நம்மிடம் வந்து சேரும்போது குறுகலான வழியை ஏற்கெனவே கடந்துவிட்டது. நம்மால் செய்யக்கூடியது, அதைத் தாமதித்தோ தவறவிட்டோ, அனுப்பும் சேவையகத்தின் டிசிபி நெறிமுறை தானாக வேகத்தைக் குறைக்கும்படி செய்வது மட்டுமே. அந்தச் செய்தி அங்கே போய்ச் சேரும் வரையில் வந்துகொண்டிருக்கும் பொதிகளுக்கு இடம் வேண்டும் என்பதால், தரவிறக்கத்துக்கு அளந்த வேகத்தின் 85 முதல் 90 சதவீதமும், தரவேற்றத்துக்கு 90 முதல் 95 சதவீதமும் பொருத்தமானவை. லினக்ஸில் பொதிகளை வரிசைப்படுத்தித் தாமதிப்பது வெளியேறும் திசையில் மட்டுமே நடக்கும். ஆகவே உள்வரும் பொதிகளை ஐஎஃப்பி என்னும் மெய்நிகர் இடைமுகத்துக்குத் திருப்பி, அதிலிருந்து வெளியேறும்போது சீராக்க வேண்டும்.

பழைய செப்புக் கம்பி வழியாக ஏடிஎஸ்எல் இணைப்பு வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தக் கம்பியில் தரவு 53 பைட்டுக் கலங்களாகச் செல்கிறது. ஒவ்வொரு கலத்திலும் 48 பைட்டு மட்டுமே நமது தரவுக்கு உரியது. கலம் முழுமையாக நிரம்பாவிட்டாலும் 53 பைட்டுக்கான இடத்தை அது எடுத்துக்கொள்ளும். வாடிக்கையாளரை இணைய வழங்குநரோடு இணைக்கும் பிபிபிஓஈ முறையில், தரவு வந்து சேர்ந்ததை அறிவிக்கும் 40 பைட்டு ஒப்புகைப் பொதி ஒன்று, தலைப்புகள் யாவும் சேர்ந்து இரண்டு கலங்களாக, அதாவது 106 பைட்டாகக் கம்பியில் செல்கிறது. பொதியோடு கூடுதலாகச் சேரும் பைட்டுகளைக் குறிக்கும் ஓவர்ஹெட் என்னும் அளவுருவும் இணைப்பின் வகையைக் குறிக்கும் அளவுருவும் இந்தக் கணக்குக்காகவே உள்ளன. அவற்றைக் கொடுக்காவிட்டால், சிறிய பொதிகள் நிறைந்த நேரத்தில் நாம் வைத்த வரம்பு உண்மையான வேகத்தைத் தாண்டிவிடும். வரிசை மறுபடியும் மோடத்துக்குள் போய்விடும்.

நான்காம் தலைமுறைக் கைபேசி இணைப்பில் வேகம் மணிக்கு மணி மாறுவதால், நிலையான ஓர் எண்ணை வைப்பது கடினம். மாலை வேகத்தை வைத்தால் அதிகாலையில் பாதி இணைப்பு வீணாகும். இருந்தும், மாலையில்தான் ஆட்கள் கூடுகிறார்கள் என்பதால் நான் மாலை எண்ணையே தெரிவு செய்வேன்.

கன்னியாக் கிணறும் டோக்கன் வாளியும்

அடுத்துப் புரிந்துகொள்ள வேண்டியது ரேட், பர்ஸ்ட் என்னும் இரண்டும் சேர்ந்து இயங்கும் விதம். பாடநூல்கள் இதை டோக்கன் வாளி என்கின்றன. நமக்கு அதைவிடத் தெளிவான உதாரணம் கன்னியா வெந்நீரூற்றில் இருக்கிறது. அங்கே உள்ள ஏழு சிறு கிணறுகளிலும் ஆழம் அதிகமில்லை. ஊற்று தன் கதியில் சுரந்துகொண்டே இருக்கும். சற்று நேரம் எவரும் அள்ளாதிருந்தால் கிணறு தன் மட்டத்துக்கு நிரம்பி நிற்கும். அப்போது போகிறவர் பல வாளி நீரை ஒரே மூச்சில் அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்ளலாம். கூட்டமான நாளில் கிணறு அடிமட்டத்துக்கு வந்துவிட்டால், ஊற்று எந்தக் கதியில் சுரக்கிறதோ அந்தக் கதியில்தான் அள்ள முடியும். எவ்வளவு காலம் எவரும் அள்ளாமல் விட்டிருந்தாலும், கிணற்றின் கொள்ளளவுக்கு மேல் அங்கே சேமிப்பு இல்லை.

ஊற்றின் கதிதான் ரேட். கிணற்றின் கொள்ளளவுதான் பர்ஸ்ட். ஒவ்வொரு பைட்டை அனுப்பவும் ஒரு டோக்கன் வேண்டும். டோக்கன்கள் ரேட் அளவுக்குச் சுரந்துகொண்டிருக்கும். பர்ஸ்ட் அளவுக்கு மேல் சேராது. கிணறு வற்றியிருந்தால் பொதி வரிசையில் நிற்கும். ரேட்டின் அலகு பிட்டு வீதம், பர்ஸ்டின் அலகோ பைட்டு. ஒன்று காலத்தோடு சேர்ந்தது, மற்றது வெறும் அளவு. இவ்விரண்டையும் ஒரே அலகில் நினைத்துக் குழப்பிக்கொள்வதால்தான் பல தவறுகள் நேர்கின்றன.

பர்ஸ்ட் மிகச் சிறிதாக இருந்தால் இணைப்பு தன் ரேட்டையே எட்டாது. இயங்குதளத்தின் கடிகாரம் செக்கனுக்கு 100 முறை துடிக்கும் என்றால், 10 மெகாபிட் வேகத்தை எட்ட ஒவ்வொரு துடிப்புக்கும் 12,500 பைட்டு வெளியேற வேண்டும். கிணறு அதைவிடச் சிறிதானால் மிகுதி டோக்கன் வீணாகும். ரேட்டை எட்டால் வகுத்து, துடிப்பு எண்ணிக்கையாலும் வகுத்தால் குறைந்தபட்ச அளவு கிடைத்துவிடும். இன்றைய லினக்ஸ் கருவில், அதாவது கேர்னலில், கடிகாரம் நுண்ணியது என்பதால் இந்த நெருக்கடி குறைந்திருக்கிறது. என்றாலும் மிகப் பெரிய பொதியான 1500 பைட்டு எப்போதும் கிணற்றுக்குள் அடங்க வேண்டும் என்ற விதி மாறவில்லை.

பர்ஸ்ட் மிகப் பெரிதாக இருப்பதன் தீங்கு அவ்வளவு வெளிப்படையாகத் தெரிவதில்லை. அதனாலேயே அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். தரவேற்றத்துக்கு 4.5 மெகாபிட் ரேட்டும் 100 கிலோபைட் பர்ஸ்டும் கொடுத்தோம் என்று வைத்துக்கொள்வோம். சற்று நேரம் அமைதியாக இருந்த இணைப்பில் ஒருவர் காணொளியை ஏற்றத் தொடங்கினால், நிரம்பிய கிணற்றிலிருந்து 8 இலட்சம் பிட்டும் ரவுட்டரை விட்டு ஒரேயடியாகப் புறப்பட்டு மோடத்துக்குள் போய்க் குவியும். 5 மெகாபிட் வழியில் அது வடிய 160 மில்லிசெக்கன் எடுக்கும். நாம் பாடுபட்டு வெறுமையாக்கிய மோடத்தின் வரிசையை நாமே நிரப்பிவிட்டோம். அதே இடத்தில் 15,000 பைட்டு வைத்தால் காத்திருப்பு 24 மில்லிசெக்கனோடு நின்றுவிடும். இணைப்பின் உண்மை வேகம் சிறிதாக இருக்கும்போது பர்ஸ்டும் சிறிதாக இருக்கட்டும் என்பதே என் அனுபவம்.

பொதிகளை வரிசைப்படுத்தி அனுப்பும் விதிமுறையை லினக்ஸில் ஒழுங்கு என்போம். டிபிஎஃப் என்னும் எளிய ஒழுங்கில் ரேட், பர்ஸ்ட் ஆகியவற்றோடு மூன்றாவதாக லேட்டன்சி அல்லது லிமிட் என்ற இரண்டில் ஒன்றைக் கொடுக்க வேண்டும். கிணறு வற்றியிருக்கும்போது வரிசையில் எவ்வளவு நேரம் அல்லது எத்தனை பைட்டு நிற்கலாம் என்பதை அது சொல்கிறது. மிஞ்சினால் பொதி கைவிடப்படும். 4.5 மெகாபிட் ரேட்டில் 50 மில்லிசெக்கன் என்றால் 28,125 பைட்டு. அதோடு பர்ஸ்டைக் கூட்டினால் வருவதே லிமிட். பொதியைக் காக்க வைத்துச் சமன்செய்வதைச் சீராக்கம் என்றும், காக்க வைக்காமல் உடனே கைவிடுவதைக் கண்காணிப்பு அல்லது போலீசிங் என்றும் பிரிப்பார்கள். இரண்டுக்கும் அடிப்படை ஒரே கிணறுதான்.

வகுப்புகளாகப் பிரித்தல்

எல்லோருக்கும் ஒரே வரிசை போதாது என்னும்போது எச்டிபி உதவுகிறது. மார்ட்டின் தெவேரா எழுதிய இந்த ஒழுங்கு லினக்ஸ் கரு 2.4.20 பதிப்பிலிருந்து உடன் வருகிறது. தாய் வகுப்பு ஒன்று, அதன் கீழ்ச் சேய் வகுப்புகள் என்ற அமைப்பு அது. ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு கிணறுகள் உண்டு. ரேட் என்பது அந்த வகுப்புக்கு உறுதியளிக்கப்பட்ட பங்கு. சீல் என்பது மற்றவர்கள் பயன்படுத்தாத மிச்சத்தை இரவல் வாங்கி அது எட்டக்கூடிய உச்சம். கந்தளாய்க் குளத்து நீரில் வயல் செய்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: தன் முறையில் ஒருவர் மடையைத் திறக்காவிட்டால் அந்த நீர் அடுத்த வயலுக்குப் போகும், ஆனால் தலைவாய்க்காலில் வருவதைவிடக் கூடுதலாக எந்த வயலுக்கும் வராது.

விடுதியின் தரவேற்றத்தை இப்படிப் பிரித்தேன். தாய் வகுப்பின் ரேட்டும் சீலும் 4500 கிலோபிட். கடனட்டை இயந்திரம், தொலைபேசி அழைப்பு, பெயர் தேடும் டிஎன்எஸ் கேள்விகள் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ரேட் 500, சீல் 1500. முன்பதிவு பார்க்கும் அலுவலகக் கணினிகளுக்கு ரேட் 1500, சீல் 4500. விருந்தினர் அனைவருக்கும் ரேட் 2500, சீல் 4500. சேய்களின் ரேட்டுகளைக் கூட்டினால் தாயின் ரேட்டான 4500 வருகிறது. இந்தக் கூட்டுத்தொகை தாயின் ரேட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால், இல்லாத ஒன்றை உறுதியளித்ததாகிவிடும். நெருக்கடி நேரத்தில் தாயின் வரம்பும் மீறப்படும். சீலைக் கொடுக்க மறந்தால் அது ரேட்டுக்குச் சமமாக எடுத்துக்கொள்ளப்படும். அந்த வகுப்பு இரவலே வாங்காது. நள்ளிரவில் எவரும் இல்லாதபோதும் விருந்தினர் ஒருவருக்கு 2500க்கு மேல் ஏன் வருவதில்லை என்று தேடியலைவதற்கு இந்த ஒரு மறதி போதும்.

முதல் வகுப்புக்கு 500 எப்படி வந்தது? ஜி.711 முறையில் பேசும் ஓர் இணையத் தொலைபேசி அழைப்பு, 20 மில்லிசெக்கனுக்கு ஒரு முறை 160 பைட்டுக் குரலையும் 40 பைட்டுத் தலைப்பையும் அனுப்புகிறது. செக்கனுக்கு 50 பொதிகள், ஒவ்வொன்றும் 200 பைட்டு; ஆக 80 கிலோபிட். ஒரே நேரத்தில் நான்கு அழைப்புகளுக்கு 320 போனாலும், கடனட்டை இயந்திரத்துக்கும் மற்றவற்றுக்கும் போதிய இடம் மிஞ்சும். இப்படி ஒவ்வொரு சேவையின் உண்மைத் தேவையையும் கணக்கிட்டு ரேட் வைப்பதே முறை. "முக்கியமானது, ஆகவே கூடக் கொடுப்போம்" என்று வைத்தால் மற்ற வகுப்புகளின் உறுதிப்பங்கு காரணமின்றிச் சுருங்கும்.

ப்ரயோ என்னும் முன்னுரிமை எண் சிறிதாக இருந்தால் உரிமை பெரிது, பூச்சியம்தான் முதலிடம். மிச்சம் இருக்கும் வேகம் முதலில் சிறிய எண்ணுள்ள வகுப்புக்கு நீட்டப்படும். குரலும் கடனட்டையும் உள்ள வகுப்புக்கு 0, அலுவலகத்துக்கு 1, விருந்தினருக்கு 2 வைத்தேன். மற்ற வகுப்புகளின் ரேட்டை முன்னுரிமை பறிக்காது. ஆயினும் முதல் வகுப்பின் சீலை 4500 ஆக்காமல் 1500இல் நிறுத்தியது வேண்டுமென்றே செய்தது: எவரேனும் தவறுதலாகவோ தந்திரமாகவோ பெரிய கோப்பை அந்த வகுப்புக்குள் நுழைத்தால், மிச்சம் முழுவதையும் அது விழுங்கிவிடக் கூடாது.

சீலுக்கு உரிய கிணறு சிபர்ஸ்ட் எனப்படும். அதைக் குறைந்த அளவிலேயே விடுவது நல்லது. அப்போதுதான் உச்சவரம்பு கூர்மையாக நிற்கும். தாயின் பர்ஸ்ட் எந்தச் சேயின் பர்ஸ்டைவிடவும் சிறிதாக இருக்கக் கூடாது.

எந்த வகுப்பிலும் சேராத பொதிகள் எங்கே போகும் என்பதை டிஃபால்ட் என்ற அளவுரு தீர்மானிக்கிறது. அதைக் கொடுக்காமல் விட்டால், வகைப்படுத்தப்படாத பொதிகள் எந்த வரம்புமின்றி வன்பொருளின் முழு வேகத்தில் வெளியேறும். இது பலருக்குத் தெரிவதில்லை. நான் விருந்தினர் வகுப்பையே டிஃபால்டாக வைத்திருக்கிறேன். வகைப்படுத்தலில் இன்னோர் இடறலும் உண்டு: வெளி இடைமுகத்தில் பொதி வந்து நிற்கும்போது, உள் முகவரியை ரவுட்டரின் வெளி முகவரியாக்கும் முகவரி மாற்றம் நடந்து முடிந்திருக்கும் என்பதால், அறைக் கணினியின் முகவரியை அங்கே காண முடியாது. உள்ளே நுழையும் இடத்திலேயே தீச்சுவரில் குறியிட்டு, வெளியேறும் இடத்தில் அந்தக் குறியைப் பார்த்து வகுப்பில் சேர்க்க வேண்டும்.

குவாண்டம்: மெதுவான இணைப்பில் மறக்கக் கூடாத எண்

ஒரே முன்னுரிமையுள்ள வகுப்புகள் மிச்சத்தைப் பங்கிடும்போது, ஒரு முறைக்கு ஒரு வகுப்பு எத்தனை பைட்டு அனுப்பலாம் என்பதே குவாண்டம். நாம் கொடுக்காவிட்டால், ரேட்டைப் பைட்டில் மாற்றி ஆர்டுகியூ என்னும் எண்ணால் வகுத்து அது தானாகக் கணக்கிடப்படும். ஆர்டுகியூவின் இயல்பு மதிப்பு 10. விருந்தினரின் 2500 கிலோபிட் செக்கனுக்கு 312,500 பைட்டு. பத்தால் வகுத்தால் 31,250. அந்த வகுப்பு தன் முறை வந்ததும் 31,250 பைட்டை அனுப்பி முடிக்க, 4.5 மெகாபிட் வழியில் ஏறக்குறைய 55 மில்லிசெக்கன் பிடிக்கும். அதே முன்னுரிமையில் வேறொரு வகுப்பு இருந்தால் அது அவ்வளவு நேரமும் காத்து நிற்கும். ஆகவே மெதுவான இணைப்பில் குவாண்டத்தைக் கைப்பட எழுதுவதே சரி. மிகப் பெரிய பொதியைவிடச் சிறிதாகாமல், 1514 (1500 பைட்டோடு 14 பைட்டுத் தலைப்பு) அல்லது அதன் இரு மடங்கு போதும். வகுப்புகளுக்கிடையே மிச்சம் எந்த விகிதத்தில் பிரிய வேண்டுமோ அந்த விகிதத்தில் குவாண்டத்தை வைக்கலாம்.

எதிர்ப்புறத் தவறும் உண்டு. 64 கிலோபிட் ரேட் உள்ள வகுப்புக்குக் கணக்கின்படி 800 பைட்டுதான் வரும். அது ஒரு முழுப் பொதிக்கும் போதாது. 100 மெகாபிட் ஒளியிழை இணைப்பிலோ கணக்கு 12,50,000 பைட்டுக்குப் போய்விடும். குவாண்டம் 1000க்குக் கீழோ 2,00,000க்கு மேலோ போனால் கருவின் பதிவேட்டில் எச்சரிக்கை விழும். அந்த வரியைக் கண்டால் கடந்து போகாமல் எண்ணைத் திருத்த வேண்டும்.

வகுப்புக்குள் நிற்கும் வரிசை

விருந்தினர் வகுப்புக்குள் பன்னிரண்டு பேர் இருக்கலாம். அவர்களுக்குள் காணொளி ஏற்றுபவரின் பின்னால் மற்ற பதினொருவரும் நின்றால், வகுப்புப் பிரித்ததன் பயன் அவர்களுக்குக் கிடைக்காது. ஒவ்வொரு கடைசி வகுப்பின் கீழும் எஃப்கியூ-கோடெல் ஒழுங்கை வைப்பது இதற்காகவே. அது இயல்பாக 1024 தனி வரிசைகளில் இணைப்புகளைப் பிரித்து, சுழற்சி முறையில் ஒவ்வொன்றுக்கும் இடம் கொடுக்கிறது. அரிதாகப் பொதி அனுப்பும் இணைப்புகளை முன்னே விடுகிறது.

கோடெல் என்னும் பகுதியை கேத்லின் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் வெளியிட்டார்கள். அதன் கருத்து அழகானது என்றே சொல்வேன். வரிசையில் எத்தனை பொதிகள் நிற்கின்றன என்று எண்ணாமல், ஒவ்வொரு பொதியும் எவ்வளவு நேரம் நின்றது என்று அது அளக்கிறது. டார்கெட் 5 மில்லிசெக்கன். இன்டர்வல் 100 மில்லிசெக்கன். ஒரு 100 மில்லிசெக்கன் முழுவதும் காத்திருப்பு ஒரு தடவையேனும் 5க்குக் கீழே இறங்கவில்லையென்றால், அது தற்செயலான குவியல் அல்ல, நிலைத்துவிட்ட வரிசை என்று முடிவு செய்து ஒரு பொதியைக் கைவிடும். அனுப்புபவர் அதை உணர்ந்து வேகத்தைக் குறைப்பார். குறைக்காவிட்டால் அடுத்தடுத்த கைவிடல்கள் நெருங்கி வரும்.

இந்த இரண்டு இயல்பு மதிப்புகளையும் மாற்றத் துடிக்க வேண்டாம். விதிவிலக்கு ஒன்றே: மிக மெதுவான இணைப்பு. 1 மெகாபிட் வழியில் 1500 பைட்டுப் பொதி ஒன்று வெளியேறவே 12 மில்லிசெக்கன் எடுக்கும். 5 மில்லிசெக்கன் இலக்கை அங்கே எட்டவே முடியாது. அப்போது டார்கெட்டை 15 மில்லிசெக்கன் அளவுக்கு உயர்த்தலாம். நினைவகம் குறைந்த ரவுட்டரில், இயல்பாக 10,240 பொதிகளாக உள்ள லிமிட்டை ஆயிரமளவுக்குக் குறைப்பதும் நல்லது.

உறுதிப்பங்கு எதுவும் தேவையில்லாத வீடு என்றால், மேலே சொன்ன எல்லாவற்றையும் விட்டுவிட்டு கேக் என்னும் ஒழுங்கை மட்டும் பயன்படுத்தலாம். லினக்ஸ் 4.19 முதல் அது உடன் வருகிறது. வேகம், ஓவர்ஹெட் ஆகிய இரண்டையும் கொடுத்து, ஆளுக்கொரு பங்கு என்ற தெரிவையும் முகவரி மாற்றத்தை ஊடுருவிப் பார்க்கும் தெரிவையும் இயக்கினால் போதும். மட்டிக்களியில் உள்ள என் வீட்டில் அதுதான் ஓடுகிறது.

மைக்ரோடிக் வைத்திருப்போருக்கு

நமது பகுதி விடுதிகளில் நான் பார்த்த வரையில் மைக்ரோடிக் பெட்டிகள் பல. அங்கே லிமிட்-அட் என்பது ரேட். மேக்ஸ்-லிமிட் என்பது சீல். முன்னுரிமை 1 முதல் 8 வரை, 1 முதலிடம். சிம்பிள் கியூ எனப்படும் எளிய வரிசையில் சாய்கோட்டுக்கு முன்னால் எழுதுவது தரவேற்றம், பின்னால் எழுதுவது தரவிறக்கம். இதை மாற்றி எழுதிவிட்டு மணிக்கணக்காகத் தேடுவது சாதாரணமாக நடப்பது.

குழப்பம் தருவது பர்ஸ்ட்தான், ஏனெனில் இங்கே அது கிணறாக அமைக்கப்படவில்லை. பர்ஸ்ட்-டைம் என்பது வேகம் கூடி நிற்கும் கால அளவு அல்ல. சராசரி வேகத்தைக் கணக்கிடும் கால அளவு. அந்தச் சராசரி பர்ஸ்ட்-த்ரெஷோல்டைத் தாண்டும் வரையில்தான் கூடுதல் வேகம் கிடைக்கும். அறை ஒன்றுக்கு மேக்ஸ்-லிமிட் 2 மெகாபிட், பர்ஸ்ட்-லிமிட் 4 மெகாபிட், த்ரெஷோல்ட் 1.5 மெகாபிட், டைம் 16 செக்கன் என்று வைத்தால், சற்று நேரம் சும்மா இருந்த அறைக்குக் கூடுதல் வேகம் 16 செக்கனுக்குக் கிடைக்காது. த்ரெஷோல்டை டைமால் பெருக்கி பர்ஸ்ட்-லிமிட்டால் வகுக்க வேண்டும்: 1.5ஐ 16ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 6 செக்கன். ஓர் இணையப் பக்கம் சட்டென்று திறக்க அது போதும்.

வரிசைகள் எதுவும் வேலை செய்யவில்லை என்று தோன்றினால், முதலில் பார்க்க வேண்டியது தீச்சுவரில் ஃபாஸ்ட்ட்ராக் விதி இயங்குகிறதா என்பது. அதன் வழியே போகும் இணைப்புகள் எளிய வரிசைகளைத் தாண்டிச் சென்றுவிடும்.

அலகு, பரிசோதனை, பதிவு

சீராக்கத்தை அமைக்கும் லினக்ஸின் டிசி கட்டளையில் வேகத்தை கேபிட் என்று எழுதினால் கிலோபிட். கேபிபிஎஸ் என்று எழுதினால் கிலோபைட். வேறெங்கும் கேபிபிஎஸ் என்பது கிலோபிட்டையே குறிப்பதால் கை தானாக அப்படி எழுதிவிடும். வரம்பு எட்டு மடங்கு உயர்ந்து, சீராக்கம் இல்லாததற்குச் சமமாகிவிடும். விடுதியில் முதன்முதலாக அமைத்த அன்று நான் செய்த பிழையும் இதுவே. கட்டளை எந்தக் குறையும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டதால், அன்றிரவு முழுவதும் விருந்தினர் பழைய அவதியையே அனுபவித்தார்கள்.

பரிசோதிக்கும்போது வேகத்தை மட்டும் பார்க்கக் கூடாது. ஒரு கணினியில் பெரிய கோப்பொன்றை ஏற்றவிட்டு, இன்னொன்றில் பிங் ஓடவிட்டு, அந்த நேரத்தைச் சும்மா இருக்கும்போது வரும் நேரத்தோடு ஒப்பிட வேண்டும். 30 ஆக இருந்தது 40 அல்லது 50க்குள் நின்றால் அமைப்பு சரி. 100ஐத் தாண்டினால் வரிசை இன்னும் மோடத்தில் நிற்கிறது என்று கொண்டு, தாய் வகுப்பின் ரேட்டை ஐந்து சதவீதம் வீதம் குறைத்துக்கொண்டே வந்து, குறைப்பதால் மேலும் பயன் இல்லை என்ற இடத்தில் நிறுத்த வேண்டும். பிறகு அதே பரிசோதனையைத் தரவிறக்கத்துக்கும், இரவு எட்டு மணிக்கும் செய்ய வேண்டும். வைபை வழியாக அளந்தால் வைபையின் சொந்தத் தாமதமும் சேர்ந்துவிடும் என்பதால் கம்பியையே பயன்படுத்துவது அவசியம்.

புள்ளிவிவரங்களைக் காட்டும் கட்டளையில் ஓவர்லிமிட்ஸ் எண் ஏறிக்கொண்டே போவதைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. வரம்பு தன் வேலையைச் செய்கிறது என்பதன் அடையாளம் அது. பார்க்க வேண்டியவை வேறு. எந்த வகுப்பில் பொதிகள் வளர்கின்றன, எது அடிக்கடி இரவல் வாங்குகிறது, வகைப்படாமல் நேரே வெளியேறிய பொதிகளின் எண்ணிக்கை பூச்சியமாக உள்ளதா என்பவை. கொடுப்பனவு நடந்த வேளையிலும் கடனட்டை வகுப்பின் எண்கள் அசையவில்லையென்றால், வகைப்படுத்தும் விதியே பொருந்தவில்லை என்று பொருள்.

கடைசி வேலை, மின்சாரம் நின்று வந்த பிறகு எல்லாம் தானாக மீள்கிறதா என்று பார்ப்பது. கட்டளை வரியில் எழுதிய அமைப்பு மீள் தொடக்கத்தில் அழிந்துவிடும். தொடக்கக் கோப்பில் எழுதி, ரவுட்டரின் மின்கம்பியை ஒரு முறை கழற்றிச் செருகிச் சரிபார்க்க வேண்டும். அளந்த வேகம், அளந்த திகதி, ஒவ்வொரு வகுப்பின் ரேட், சீல், பர்ஸ்ட், குவாண்டம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ரவுட்டர் பெட்டியின் உட்புறக் கதவில் ஒட்டியிருக்கிறேன். இணைப்பின் கட்டணத் திட்டம் மாற்றப்படும்போதோ வேகம் உயர்த்தப்படும்போதோ, அந்தத் தாளின் முதல் வரியிலிருந்து மறுபடி அளந்து தொடங்க வேண்டும்.